ஸ்பேம் ஃபில்டரில் கோளாறா? சப்போர்ட்டுக்கு எழுதும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள், பள்ளிகள், டிரஸ்டுகள், ஆடிட்டர் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் "மெயில் வரலை" என்றதும் எல்லோரும் தேடிப் போகிற ஒருவர் இருப்பார். அவருக்காகத்தான் இந்தப் பக்கம். உதாரணங்களுக்கு ஸ்பேம்அசாசினை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2001-இல் வெளிவந்து, இப்போது அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் இருக்கும் இலவச மென்பொருள் அது. சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் திரை) உள்ள ஹோஸ்டிங் கணக்கு வைத்திருப்பவர்கள் பலரும் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்களிடம் இருப்பது வேறு ஃபில்டர் என்றாலும் புகார் எழுதும் முறை பெரிதாக மாறாது.

"ஸ்பேம் நிறைய வருது, சரி பண்ணுங்க" என்று எழுதினால் போதாதா?

போதாது. சப்போர்ட்டில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் இன்பாக்ஸைப் பார்க்க முடியாது. அவரிடம் இருப்பது உங்கள் டிக்கெட்டும் (நீங்கள் பதிந்த புகார்), பல வாடிக்கையாளர்களின் மெயில்கள் கலந்து ஓடும் சர்வர் லாகும்தான் (சர்வர் எழுதி வைக்கும் பதிவேடு). எந்த மெயில், எப்போது, யாருக்கு வந்தது என்று தெரியாமல் அந்த லாகில் அவர் தேட ஆரம்பிக்கவே முடியாது. அதனால்தான் "உதாரணம் அனுப்புங்கள்" என்று பதில் வருகிறது. நீங்கள் அனுப்ப ஒரு நாள், அவர் பார்க்க ஒரு நாள் என்று விஷயம் இழுத்துக்கொண்டே போகும்.

முதல் கடிதத்திலேயே ஒரே ஒரு மெயிலை ஹெட்டரோடு (மெயிலோடு மறைவாக வரும், அதன் பயண விவரங்கள் கொண்ட வரிகள்) முழுசாக இணைத்துவிட்டால் இந்த அலைச்சல் பெரும்பாலும் இருக்காது. ஃபில்டர் தான் எடுத்த முடிவுக்கான காரணத்தை அந்த மெயிலிலேயே எழுதி வைத்திருக்கிறது.

எதையெல்லாம் கோளாறு என்று சொல்லலாம்?

தினமும் ஒன்றிரண்டு ஸ்பேம் இன்பாக்ஸுக்குள் வருவதை யாரும் கோளாறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் தங்கள் மெயிலை இதே ஃபில்டர்களில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். திடீரென்று எண்ணிக்கை கூடினாலோ, ஒரே மாதிரி மெயில் திரும்பத் திரும்ப நுழைந்தாலோ எழுதுங்கள்.

நல்ல மெயில் ஸ்பேம் ஃபோல்டருக்குப் போனால் அது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் எழுதுங்கள். உள்ளே வந்த ஸ்பேமை ஒரு விநாடியில் அழித்துவிடலாம். டெண்டர் விளக்கமோ, லேப் ரிப்போர்ட்டோ, இன்டர்வியூ அழைப்போ ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்தால், அப்படி ஒன்று வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். ஜிமெயில் போன்ற சேவைகளில் 30 நாளில் அது தானாக அழிந்தும்விடும். இந்த வகைப் புகாரை நம் ஊரில் பலர் "பரவாயில்லை, கிடைச்சிடுச்சே" என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஃபில்டரைத் திருத்த மிகவும் உதவும் தகவல் அதுதான்.

ஃபார்வர்ட் செய்து அனுப்பினேன். மறுபடியும் ஒரிஜினலைக் கேட்கிறார்களே?

ஃபார்வர்ட் செய்யும்போது உருவாவது ஒரு புது மெயில். அதன் ஹெட்டர் உங்களுடையது. பழைய மெயிலின் எழுத்து மட்டும் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும். அது எந்த சர்வரிலிருந்து வந்தது, எஸ்பிஎஃப் (அந்த டொமைன் சார்பில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வரா), டிகிம் (டொமைனின் டிஜிட்டல் கையெழுத்து சரியா) சோதனைகளில் தேறியதா, ஃபில்டர் எத்தனை மதிப்பெண் போட்டது என்கிற எதுவும் அதில் இருக்காது. ஸ்க்ரீன்ஷாட்டும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியும் "அனுப்புநர்" பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் ஒரிஜினலை எப்படி எடுப்பது?

ஜிமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து, மெயிலின் வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் "ஷோ ஒரிஜினல்" இருக்கும். உள்ளே போனால் அதைக் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் வழி உண்டு. மொபைல் ஆப்பில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தண்டர்பேர்டில் கன்ட்ரோல்-யூ அழுத்தினால் முழு மூலமும் தெரியும். அனுப்பும்போது "ஃபார்வர்ட் ஆஸ் அட்டாச்மென்ட்" தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் இருக்கும் வழக்கமான அவுட்லுக்கில் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப் அதே வேலையைச் செய்யும். ஹோஸ்டிங்கோடு வரும் ரவுண்ட்கியூப் வெப்மெயிலிலும் கூடுதல் மெனுவில் மெயிலை இ.எம்.எல் கோப்பாக இறக்கலாம்.

இறக்கிய கோப்பைத் திறந்து, "பார்க்க நன்றாக இல்லையே" என்று வேர்டில் ஒட்டி அழகுபடுத்தி அனுப்பாதீர்கள். ஓர் இடைவெளி மாறினாலும் டிகிம் கையெழுத்து பொருந்தாமல் போகலாம். வந்தது வந்தபடியே இருக்கட்டும்.

அந்த ஹெட்டரில் அப்படி என்னதான் இருக்கிறது?

நீங்களே படித்துப் பார்க்கலாம், கஷ்டமில்லை. ஸ்பேம்அசாசின் ஓடும் சர்வரில் "எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ்" என்று ஒரு வரி இருக்கும். முதலில் யெஸ் அல்லது நோ. அடுத்து "ஸ்கோர்", அதாவது மெயில் வாங்கிய மொத்த மதிப்பெண். பிறகு "ரிக்வயர்ட்", ஸ்பேம் என்று அறிவிக்கத் தேவையான மதிப்பெண்; யாரும் மாற்றாதவரை இது 5.0. அதன் பிறகு "டெஸ்ட்ஸ்" என்று, எந்தெந்த விதிகள் பொருந்தின என்ற பட்டியல்.

உதாரணத்துக்கு, ஒரு பள்ளியின் கட்டண ரசீது 5.4 வாங்கி ஸ்பேமுக்குப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் பேயஸ்_99 இருக்கிறது. வழக்கமான அமைப்பில் இது ஒன்றே 3.5 மதிப்பெண் கொடுத்துவிடும். பழைய மெயில்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை வைத்து, இது 99 சதவீதத்துக்கு மேல் ஸ்பேம்தான் என்று ஃபில்டர் நினைத்திருக்கிறது என்று அர்த்தம். கூடவே ஆர்டிஎன்எஸ்_நன் என்றும் இருக்கிறது: அனுப்பிய சர்வரின் ஐபி எண்ணுக்குத் தலைகீழ் டிஎன்எஸ் பெயர் (ஐபி எண்ணிலிருந்து சர்வரின் பெயரைச் சொல்லும் பதிவு) இல்லை. இந்த இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் இரண்டு தனி வேலைகள் இருப்பது சப்போர்ட்காரருக்குப் புரிந்துவிடும். ஃபில்டர் தப்பாகப் பாடம் படித்திருக்கிறது; அது உங்கள் பக்கம். அனுப்பும் சர்வரின் டிஎன்எஸ் அமைப்பு சரியில்லை. அது பள்ளியின் பக்கம். "ரசீது ஸ்பேமுக்குப் போகுது" என்ற ஒரு வரிப் புகாரிலிருந்து இந்த இரண்டையும் யாராலும் ஊகிக்க முடியாது.

இன்னொரு வரி "எக்ஸ்-ஸ்பேம்-செக்கர்-வெர்ஷன்". எந்தப் பதிப்பு, எந்த சர்வரில் ஓடியது என்று அதிலேயே இருக்கிறது. "ரிசீவ்ட்" வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் இருப்பது பயணத்தின் தொடக்கம். உங்கள் சொந்த சர்வர் எழுதிய மேல் வரிகளை நம்பலாம். அதற்குக் கீழே உள்ளவற்றை ஸ்பேம் அனுப்புகிறவரே இட்டுக்கட்டியிருக்கலாம்.

எக்ஸ்-ஸ்பேம் என்று எந்த வரியுமே இல்லையென்றால்?

அதுவும் நல்ல துப்புதான். அநேகமாக ஃபில்டர் அந்த மெயிலைப் பார்க்கவே இல்லை. பெரிய இணைப்புள்ள மெயிலா என்று முதலில் பாருங்கள். ஸ்பேம்அசாசினுக்கு மெயிலைக் கொடுக்கும் ஸ்பேம்சி நிரல், யாரும் மாற்றாதவரை 500 கிலோபைட்டுக்கு மேற்பட்டதைச் சோதனைக்கு அனுப்பாது. சின்ன மெயிலிலும் வரி இல்லையென்றால், ஃபில்டர் நின்றுபோயிருக்கலாம், அல்லது அந்தக் கணக்குக்கு அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். டிக்கெட்டின் தலைப்பிலேயே "ஹெட்டரில் ஸ்பேம் வரிகள் இல்லை" என்று எழுதிவிடுங்கள்.

புகாரில் வேறு என்னென்ன எழுத வேண்டும்?

ஒரு மாதிரி தருகிறேன். இதே அமைப்பில் எழுதினால் போதும்:

"வணக்கம். எங்கள் அக்கவுண்ட்ஸ் முகவரிக்கு வரும் வாடிக்கையாளர் மெயில்கள் திங்கள்கிழமை காலையிலிருந்து ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகின்றன. அதற்கு முன்பு இதே ஆட்களிடமிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. மற்ற முகவரிகளில் இந்தப் பிரச்சினை இல்லை. ஞாயிறு இரவு எங்கள் பக்கம் செய்த மாற்றம்: மெயில் ஆப்பைப் புதுப்பித்தோம், வேறு எதுவும் இல்லை. ஸ்பேமுக்குப் போன மூன்று மெயில்களையும், பிரச்சினைக்கு முன்பு அதே ஆளிடமிருந்து ஒழுங்காக வந்த ஒரு மெயிலையும் மூலக் கோப்பாக இணைத்திருக்கிறேன். நேரங்கள் எல்லாம் இந்திய நேரம்."

ஒழுங்காக வந்த மெயில் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு ஹெட்டர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புதிதாக எந்த விதி பொருந்தியது என்பது உடனே தெரிந்துவிடும். நேரத்தையும் அலட்சியமாக எழுதாதீர்கள். சர்வர் லாகுகள் பல இடங்களில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் காலை 9 மணி அங்கே அதிகாலை 3.30. சொல்லாமல் விட்டால் அவர் ஐந்தரை மணி நேரம் தள்ளி வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருப்பார்.

நீங்கள் செய்து பார்த்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். மதிப்பெண் வரம்பை 5-லிருந்து 3-க்கு இறக்கினீர்கள் என்றால் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, "நல்ல மெயில் எல்லாம் ஸ்பேமாகுது" என்றால் பாவம், அவர் எங்கே போவார்?

சர்வர் என் கையில்தான் இருக்கிறது. நான் முன்கூட்டியே எதைச் சோதிக்க வேண்டும்?

ஸ்பேம்அசாசினை "லிண்ட்" விருப்பத்தோடு ஓட்டுங்கள். அமைப்புக் கோப்பில் தவறில்லையென்றால் அது ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடும். ஏதாவது அச்சிட்டால் அந்த வரிகளை அப்படியே புகாரில் சேருங்கள். பிறகு பிரச்சினையான மெயிலை டீபக் நிலையில் (ஒவ்வொரு படியையும் விவரமாக அச்சிடும் நிலை) அதன் வழியே விட்டு, வரும் வெளியீட்டைக் கோப்பாகச் சேமியுங்கள். மிக முக்கியமாக, சோதனையை ரூட் (சர்வரின் தலைமை நிர்வாகி) கணக்கில் செய்யாமல், மெயிலை உண்மையில் ஸ்கேன் செய்யும் அதே பயனர் கணக்கில் செய்யுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

ஸ்பேம் ஸ்பேம் என்று எவ்வளவோ கற்றுக்கொடுத்தேன். ஃபில்டர் மாறவே இல்லையே?

எஸ்ஏ-லேர்ன் கட்டளையைக் கொண்டு கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது கேட்கும் கேள்வி இது. இரண்டு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்று, பேயஸ் பகுதி வேலை செய்ய ஆரம்பிக்கவே குறைந்தது 200 ஸ்பேமும் 200 நல்ல மெயிலும் அது பார்த்திருக்க வேண்டும். ஸ்பேமை மட்டும் ஆயிரக்கணக்கில் ஊட்டிவிட்டு நல்ல மெயிலை மறந்துவிட்டால், அந்தப் பகுதி வாயே திறக்காது. ஹெட்டரில் பேயஸ் என்று தொடங்கும் விதி ஒன்றுகூடத் தென்படவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மற்றொன்று, ஆள் மாறாட்டம். ரூட்டாக உள்நுழைந்து கற்றுக்கொடுத்தால் அது ரூட்டின் தரவுத்தளத்தில் போய்ச் சேரும். மெயிலை ஸ்கேன் செய்வதோ அமாவிஸ் (மெயிலை ஃபில்டருக்குக் கொடுக்கும் ஒரு நிரல்) போன்ற வேறொரு பயனர். அவர் பார்ப்பது வேறு தரவுத்தளம். நீங்கள் கற்றுக்கொடுத்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எந்தப் பயனர் கணக்கில் கற்றுக்கொடுத்தீர்கள் என்பதைப் புகாரில் ஒரு வரியாக எழுதினால், பதில் பெரும்பாலும் ஒரே கடிதத்தில் வந்துவிடும்.

திடீரென்று ஒரே நாளில் எல்லா மெயிலும் ஸ்பேமாகிறதே?

இது உங்கள் மெயில்களின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. பொதுவான ஒரு விதியோ பட்டியலோ பழுதாகியிருக்கும். நடந்த ஒன்றையே சொல்கிறேன். ஸ்பேம்அசாசின் 3.2.0 முதல் 3.2.5 வரையான பதிப்புகளில் எஃப்ஹெச்_டேட்_பாஸ்ட்_20எக்ஸ்எக்ஸ் என்று ஒரு விதி இருந்தது. எதிர்காலத் தேதி போட்டு வரும் ஸ்பேமைப் பிடிக்க எழுதப்பட்டது. அதை எழுதியபோது 2010 ரொம்பத் தூரத்தில் இருந்தது. 2010-ம் அதற்குப் பிறகான ஆண்டுகளும் விதியில் "எதிர்காலம்" என்றே பதிவாகியிருந்தன. 2010 ஜனவரி 1 பிறந்ததும், அன்று அனுப்பப்பட்ட சாதாரண மெயில்களுக்கெல்லாம் அந்த விதி மதிப்பெண் போட ஆரம்பித்தது. பல அமைப்புகளில் 3-க்கும் மேல். 5 எட்டினால் ஸ்பேம் என்ற இடத்தில் 3 இலவசமாகக் கிடைத்தால் புத்தாண்டு வாழ்த்து கூடத் தப்பாது. அன்றே திருத்தம் வந்தது: எஸ்ஏ-அப்டேட் (விதிகளைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டுங்கள், அல்லது அந்த விதியின் மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்குங்கள் என்று திட்டக்குழு அறிவித்தது.

ஆகவே இப்படி நடந்தால், பாதிக்கப்பட்ட நாலைந்து மெயில்களின் டெஸ்ட்ஸ் பட்டியலை ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் விதியின் பெயரைப் புகாரின் தலைப்பில் போடுங்கள். விதிகளைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இன்னொரு அடிக்கடி நடக்கும் காரணம் டிஎன்எஸ், அதாவது பெயரையும் ஐபி எண்ணையும் பொருத்திச் சொல்லும் சேவை. ஸ்பேம்ஹாஸ் போன்ற தடுப்புப் பட்டியல்களை 8.8.8.8 மாதிரியான பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் உண்மையான பதில் கிடைக்காது. "இந்த வழியாகக் கேட்காதே" என்பதற்கான பிழைக் குறியீடாக 127.255.255.254 வரும். சரியாக அமைக்கப்படாத மெயில் சர்வர் அந்தக் குறியீட்டையே "இந்த ஐபி பட்டியலில் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு வரும் மெயிலையெல்லாம் திருப்பி அனுப்பிவிடும். சமீபத்தில் டிஎன்எஸ் மாற்றினீர்களா என்று சப்போர்ட்டில் கேட்பது இதனால்தான்.

மெயில் இன்பாக்ஸிலும் இல்லை, ஸ்பேமிலும் இல்லை. இதையும் ஃபில்டர் கோளாறு என்று எழுதலாமா?

முதலில் அனுப்பியவரிடம் அவருக்குத் திரும்பி வந்த பிழைச் செய்தியைக் கேளுங்கள். 5-இல் தொடங்கும் எண், உதாரணமாக 550, நிரந்தர மறுப்பு. மெயில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. 4-இல் தொடங்கினால் தற்காலிகம். புது ஆளிடமிருந்து வரும் முதல் மெயிலை "கொஞ்சம் கழித்து வா" என்று நிறுத்தி வைக்கும் கிரேலிஸ்டிங் இந்த வகை. அனுப்பும் சர்வர் மறுபடி முயன்றதும் வந்துவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள் ஓடும் மெயில் சர்வர்கள் சாதாரணமாக 5 நாள் வரை முயலும்.

பிழை எதுவும் வரவில்லை என்றால், அனுப்பியவரின் சென்ட் ஃபோல்டரில் உள்ள மெயிலிலிருந்து மெசேஜ்-ஐடியை வாங்குங்கள். அது அந்த மெயிலுக்கே உரிய அடையாளம். லாகில் தேட அதைவிட உறுதியான பிடி இல்லை. தாமதிக்காதீர்கள். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) பிறப்பித்த உத்தரவு இந்தியாவில் நிறுவனங்கள் 180 நாள் லாகுகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் மாற்றியமைக்கப்படாத பல லினக்ஸ் சர்வர்களில் மெயில் லாக் சில வாரங்களில் அழிந்துவிடும்.

எங்கள் தமிழ் மெயில்கள் மட்டும் ஸ்பேமாகின்றன. ஃபில்டருக்குத் தமிழ் தெரியாதா?

பெரும்பாலும் யாரோ செய்த அமைப்பின் விளைவு. ஸ்பேம்அசாசினில் டெக்ஸ்ட்கேட் என்ற செருகு உண்டு. மெயில் எந்த மொழியில் இருக்கிறது என்று ஊகிக்கும். வெளிநாட்டு ஸ்பேம் தொல்லை தாங்காமல் "ஆங்கிலம் மட்டும்" என்று ஒருவர் அமைத்துவிட்டுப் போயிருப்பார். அதன் பிறகு தமிழில் எழுதிய ஒவ்வொரு மெயிலுக்கும் வேண்டாத மொழி என்று மதிப்பெண் ஏறும். அந்தச் செருகின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. ஓகே_லேங்குவேஜஸ் வரியில் அதன் குறியான "டிஏ"வைச் சேர்த்தால் போதும். டெஸ்ட்ஸ் பட்டியலில் அன்வான்டட்_லேங்குவேஜ்_பாடி என்று தெரிந்தால் காரணம் இதுவே.

பதிப்பையும் பாருங்கள். 2022 டிசம்பரில் வந்த 4.0.0-இல் யுனிகோடைக் கையாளும் முறை வெகுவாகச் சீரானது. இன்னும் 3-ஆம் வரிசையில் இருப்பவர்கள் தமிழ் மெயில் பிரச்சினையைப் புகார் செய்வதற்கு முன் பதிப்பை உயர்த்தக் கேளுங்கள். உயர்த்தியும் தீரவில்லையென்றால் கட்டாயம் எழுதுங்கள், தமிழ் மெயிலை மாதிரியாக இணைத்து எழுதுங்கள். நம் மொழியில் மாதிரி கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். வேறு யாரும் கொடுக்கப் போவதில்லை.

நாங்கள் அனுப்புவதுதான் மற்றவர்களுக்கு ஸ்பேமில் விழுகிறது. யாரிடம் சொல்வது?

முதலில் உங்கள் சொந்த டொமைனைச் சரிபாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான விதிகளைக் கடுமையாக்கியிருக்கின்றன. ஜிமெயிலுக்கு அனுப்ப எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேண்டும். நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (அந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற டொமைனின் அறிவிப்பு) வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இது சரியாக இருந்தும் ஒரே ஒரு நிறுவனம் மட்டும் மறுத்தால், அந்த நிறுவனத்தின் போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு எழுதுங்கள். மெயில் வாங்கும் ஒவ்வொரு டொமைனுக்கும் அந்த முகவரி இருக்க வேண்டும் என்பது இணைய மெயில் தரநிலையின் விதி. மறுப்புச் செய்தியை முழுசாக ஒட்டுங்கள்.

ஸ்பேம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில் உங்கள் ஐபி இருக்கிறது என்று வந்தால் பதற வேண்டாம். நீங்கள் ஸ்பேம் அனுப்பியதாக அதற்கு அர்த்தமில்லை. வீட்டு பிராட்பேண்ட் போன்ற இணைப்புகளின் ஐபிகள் நேரடியாக மெயில் அனுப்பக்கூடாது என்ற கொள்கைப் பட்டியல் அது. உங்கள் ஹோஸ்டிங்கின் மெயில் சர்வர் வழியாக, லாகின் செய்து அனுப்பினால் தீர்ந்தது.

அந்த ஆளை ஒயிட்லிஸ்ட்டில் போட்டுவிடச் சொன்னால் வேலை முடிந்ததே?

அவசரத்துக்குச் செய்யலாம், புகாரை மூடுவதற்கு அது காரணமாகக்கூடாது. வெறும் ஃப்ரம் முகவரியை அனுமதித்தால், அந்த முகவரியைப் போலியாகப் போட்டு வரும் எதுவும் கேள்வியில்லாமல் உள்ளே வரும். வங்கி, வாடிக்கையாளர், உங்கள் சொந்த டொமைன் இந்த மூன்றையும் அப்படிப் போடவே போடாதீர்கள். மோசடிக்காரர்கள் முதலில் போலி செய்வது இவற்றைத்தான். எஸ்பிஎஃப் அல்லது டிகிம் தேறினால் மட்டும் அனுமதிக்கும் வகையும் ஸ்பேம்அசாசினில் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

மெயிலில் அந்தரங்க விஷயங்கள் இருக்கின்றன. அப்படியே அனுப்பவா?

நோயாளி விவரம், பான் எண், சம்பளத் தாள் இருந்தால் அனுப்பாதீர்கள். அதே பிரச்சினையுள்ள வேறு சாதாரண மெயில் ஒன்று கிடைக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால் ஹெட்டரை மட்டும் முழுசாக அனுப்பி, உடல் பகுதியை நீக்கியதாகத் தெளிவாக எழுதுங்கள். ஹெட்டரிலுள்ள ஐபி எண்களையும் மெசேஜ்-ஐடியையும் மறைத்துவிட்டால் அனுப்புவதில் பயனில்லை. பொதுவில் யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் மட்டும் எதையும் ஒட்ட வேண்டாம்.

மாதிரி ஸ்பேமை இணைத்து அனுப்பினேன். அவர்களுடைய ஃபில்டரே அதைத் தடுத்துவிட்டது!

நடக்கும். கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பாக அனுப்பி, கடவுச்சொல்லைக் கடிதத்தில் எழுதுங்கள், அல்லது டிக்கெட் போர்ட்டலில் நேரடியாக ஏற்றுங்கள்.

ஸ்பேமில் இருந்த லிங்கை அழுத்தி பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டார் எங்கள் ஊழியர். இதையும் டிக்கெட்டில் போடவா?

டிக்கெட் அப்புறம். முதலில் வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலும் லாக்அவுட் செய்யுங்கள், அந்தக் கணக்கில் யாராவது புதிதாக ஃபார்வர்டிங் விதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பணத்தை நிறுத்தி வைக்க முடியுமா என்பது நீங்கள் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதன் பிறகு சப்போர்ட்டுக்குத் தொலைபேசியிலேயே சொல்லுங்கள். அந்த ஊழியரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தவர் அழுத்தும்போது உங்களிடம் சொல்ல மாட்டார்.

"சரி செய்துவிட்டோம்" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். ஆனால் மறுபடியும் வருகிறது.

புது டிக்கெட் போடாமல் பழையதையே திறக்கச் சொல்லுங்கள். முன்பு சேகரித்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. அவர்கள் மாற்றம் செய்த நேரத்துக்குப் பிறகு வந்த மெயில் ஒன்றின் மூலத்தைப் புதிதாக இணையுங்கள். பழைய மெயிலையே மறுபடி அனுப்பினால் அது பழைய மதிப்பெண்ணைத்தான் காட்டும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. என்ன மாற்றினார்கள் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் உங்கள் நாற்காலிக்கு வரும்போது அவருக்கு அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.